குறுக்குச்சுற்றுக்குப் பின் இயங்காத துணி உலர்த்தி

துணி உலர்த்தி என்பது துவைத்த துணியிலுள்ள நீரைச் சுழற்சியாலோ வெப்பக் காற்றாலோ நீக்கும் வீட்டு மின்கருவி ஆகும். பேச்சு வழக்கில் இது ட்ரையர் எனப்படுகிறது. வீட்டில் குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்) ஏற்பட்ட பிறகு இக்கருவி இயங்காமல் போவது பல வீடுகளில் நடப்பதுண்டு. அப்போது பழுது கருவிக்குள் இருக்கலாம், கருவிக்கு மின்சாரம் கொண்டுவரும் வழியில் இருக்கலாம், இரண்டிலும் இருக்கலாம். பழுதை எந்த வரிசையில் தேடுவது, எவற்றை வீட்டாரே பார்க்கலாம், எந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு கம்பியாளரை அழைக்க வேண்டும் என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள தோணிரேவு போன்ற மீனவ ஊர்களின் சூழலை ஒட்டியவை. உப்புக் காற்று வீசும் எந்தக் கடலோர ஊருக்கும் இவை பொருந்தும்.

## உலர்த்தியின் வகைகள்

தமிழ்நாட்டு வீடுகளில் ட்ரையர் என்றால் பெரும்பாலும் இரட்டைத் தொட்டி சலவை இயந்திரத்தின் சிறிய தொட்டியையே குறிக்கும். இது சுழல் உலர்த்தி. துளைகள் உள்ள கூடை வேகமாகச் சுழலும்போது துணியிலுள்ள நீர் துளைகள் வழியே வெளியேறுகிறது. கூடையை நேரடியாகச் சுழற்றும் தூண்டல் மோட்டார் 50 ஹெர்ட்சு மின்சாரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,300 முதல் 1,400 சுற்று வரை சுழலும். துணி முழுவதும் காயாது. நீர் சொட்டாத ஈரத்துடன் வெளிவரும்.

இரண்டாவது வகை வெப்ப உலர்த்தி. உருளைக்குள் துணி புரளும்போது சூடான காற்று செலுத்தப்பட்டு நீர் ஆவியாக்கப்படுகிறது. அமெரிக்காவைச் சேர்ந்த ஜார்ஜ் டி. சாம்ப்சன் 1892-ஆம் ஆண்டு சூன் 7 அன்று துணி உலர்த்தும் ஓர் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அது அடுப்பின் வெப்பத்தைப் பயன்படுத்தியது. மின்சாரத்தால் இயங்கும் உலர்த்திகள் 20-ஆம் நூற்றாண்டில் பரவின. குளிர்நாடுகளில் வாழும் தமிழர் வீடுகளில் இது வழக்கமான கருவி.

இரண்டின் மின்செலவும் பெரிதும் வேறுபடும். 150 வாட் சுழல் உலர்த்தி 5 நிமிடம் ஓடினால் 0.0125 யூனிட் செலவாகும். வெப்பத்தால் ஒரு கிலோகிராம் நீரை ஆவியாக்குவதற்கு மட்டும் ஏறத்தாழ 0.63 யூனிட் வேண்டும். ஆகவே வெப்ப உலர்த்தியில் மின்னோட்டமும் அதிகம். கம்பியும் செருகியும் சூடேறும் வாய்ப்பும் அதிகம்.

## குறுக்குச்சுற்றும் மின்கசிவும்

செய்தித்தாள்களில் "மின்கசிவால் தீ விபத்து" என்ற தொடர் அடிக்கடி வரும். அங்கே பெரும்பாலும் சொல்ல வருவது குறுக்குச்சுற்றைத்தான். மின்கசிவு வேறு, குறுக்குச்சுற்று வேறு. இந்த வேறுபாடு தெரிந்தால்தான் பழுது தேடும் வழி புரியும்.

கட்டக் கம்பியும் (பேஸ்) நடுநிலைக் கம்பியும் (நியூட்ரல்) இடையில் எந்தக் கருவியும் இல்லாமல் நேரடியாகத் தொட்டுக்கொள்வது குறுக்குச்சுற்று. ஓமின் விதிப்படி மின்னோட்டம் = மின்னழுத்தம் ÷ மின்தடை. 150 வாட் சுழல் உலர்த்தி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 0.65 ஆம்பியர் எடுக்கும். கம்பிகள் தொட்டுக்கொண்டு, மொத்த வழியின் மின்தடை 0.5 ஓம் மட்டுமே இருந்தால் 230 ÷ 0.5 = 460 ஆம்பியர் பாயும். இந்தப் பெருக்கம்தான் வெடிச்சத்தம், பொறி, கருகல் நாற்றம் ஆகியவற்றுக்குக் காரணம். 16 ஆம்பியர் அளவுள்ள சி வகைச் சிறு சுற்றுமுறிப்பான் (எம்.சி.பி.) தன் அளவைப் போல் 5 முதல் 10 மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் பாயும்போது நொடியின் சிறு பகுதிக்குள் இணைப்பைத் துண்டிக்கும். ஆகவே 460 ஆம்பியரை அது உடனே நிறுத்திவிடும்.

கட்டக் கம்பியின் மின்சாரம் ஈரம், உப்பு, சிதைந்த உறை வழியாகக் கருவியின் உடலுக்கோ நிலத்துக்கோ சிறிதளவு செல்வது மின்கசிவு. இங்கே மின்னோட்டம் குறைவு, ஆபத்து குறைவன்று. ஈரக்கையுள்ள ஒருவரின் உடல் மின்தடையை 1,500 ஓம் எனக் கொண்டால், 230 வோல்ட்டில் அவர் வழியே 0.153 ஆம்பியர், அதாவது 153 மில்லி ஆம்பியர் பாயும். இதயத் துடிப்பைக் குலைக்க இது போதும். ஆனால் 16 ஆம்பியர் முறிப்பானுக்கு இது கணக்கிலேயே வராத அளவு, அது துண்டிக்காது. ஆளின் உயிர் போகும் மின்னோட்டம், முறிப்பானின் கண்ணில் ஒரு சிறு விளக்கின் மின்னோட்டத்தைப் போன்றதே.

இதற்காக உள்ளது எஞ்சுமின்னோட்டச் சுற்றுமுறிப்பான் (ஆர்.சி.சி.பி.). கட்டக் கம்பியில் போகும் மின்னோட்டமும் நடுநிலையில் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று இது ஒப்பிடுகிறது. வேறுபாடு 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் துண்டித்துவிடும். இந்தியாவில் மத்திய மின்சார ஆணையத்தின் 2010-ஆம் ஆண்டுப் பாதுகாப்பு விதிமுறைகளும், அவற்றுக்கு மாற்றாக 2023-இல் வந்த விதிமுறைகளும் மின்கசிவுக் காப்புக் கருவியைப் பற்றிக் கூறுகின்றன. தமிழ்நாட்டில் பழைய இணைப்புள்ள பல வீடுகளில் இன்னும் இது பொருத்தப்படவில்லை.

"எர்த் இருக்கிறது, போதும்" என்பது பலருடைய எண்ணம். கணக்கு வேறுவிதமாகச் சொல்கிறது. வீட்டின் நிலத்தொடுப்பு மின்தடை 20 ஓம் என்று கொள்வோம். கட்டக் கம்பி உலர்த்தியின் உடலைத் தொட்டால் 230 ÷ 20 = 11.5 ஆம்பியர் நிலத்துக்குப் பாயும். 16 ஆம்பியர் முறிப்பான் இதைச் சாதாரணச் சுமை என்றே கருதித் துண்டிக்காமல் இருக்கும். கருவியின் உடல் மின்னேறியபடியே நிற்கும். நல்ல நிலத்தொடுப்பும் எஞ்சுமின்னோட்ட முறிப்பானும் சேர்ந்து இருந்தால்தான் முழுப் பாதுகாப்பு.

## ஏரிக்கரைச் சூழல்

பழவேற்காடு ஏரி, சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஸ்ரீஹரிகோட்டாத் தீவு இதை வங்கக் கடலிலிருந்து பிரிக்கிறது. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உவர்நீர் என்ற நிலையில் இங்குள்ள வீடுகளின் மேல் எப்போதும் நுண்ணிய உப்பு படிகிறது.

தூய சாதாரண உப்பு, காற்றின் ஒப்பு ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டும்போது காற்றிலுள்ள நீரை ஈர்த்துத் தானே கரையத் தொடங்கும். கடல் உப்பில் கலந்துள்ள மக்னீசிய உப்புகள் அதற்கு முன்பே ஈரத்தை ஈர்க்கும். சமையலறை உப்பு மழைக்காலத்தில் நீர்த்துப்போவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். செருகியின் ஊசிகளுக்கு இடையிலும், சுவிட்சின் உட்புறத்திலும், மின்சுற்றுப் பலகையின் மேலும் படிந்த உப்பு இவ்வாறு நீர்க்கும்போது அது மின்கடத்தும் மெல்லிய படலமாகிறது. அதன் வழியே கசியும் மின்சாரம் பிளாஸ்டிக்கைச் சிறிது சிறிதாகக் கருக்கும். கருகிய தடம் கரி. கரி மின்சாரத்தைக் கடத்தும். ஒரு நாள் அந்தத் தடமே குறுக்குச்சுற்றாகிவிடும்.

உவர் மண்ணுக்கு ஒரு நன்மையும் உண்டு. அது மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால் நிலத்தொடுப்பின் மின்தடை குறைவாக அமையும். அதே மண் இரும்புக் குழாயையும் கம்பியையும் விரைவில் அரித்துவிடும். மேலே பார்க்க எர்த் கம்பி இருக்கும். மண்ணுக்குள் அது துண்டாகியிருக்கும். நிலத்தொடுப்புக் குழியில் கரியும் உப்பும் இடும் பழக்கம் உள்நாட்டு வறண்ட மண்ணுக்கு ஏற்றது. இயல்பாகவே உவரான மண்ணில் மேலும் உப்பு இடுவது அரிப்பைத்தான் கூட்டும். இப்பகுதியில் நிலத்தொடுப்பை ஆண்டுக்கு ஒருமுறையாவது அளந்து பார்ப்பது நல்லது.

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை துணி வெயிலில் காய்வது அரிது. உலர்த்தி அதிகம் தேவைப்படுவதும், அது பழுதாவதும் இந்த மாதங்களிலேயே. 2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா புயலில் சென்னை, திருவள்ளூர், காஞ்சிபுரம் மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழை இதே பகுதியை வெள்ளத்தில் ஆழ்த்தியது. இத்தகைய புயல்களுக்குப் பின் மின்சாரம் மீண்டும் வரும் நேரமே வீட்டுக் கருவிகளுக்கு ஆபத்தான நேரம்.

## தேடத் தொடங்கும் முன்

முதலில் உலர்த்தியின் சுவிட்சை நிறுத்தி, செருகியைப் பிடுங்க வேண்டும். சுவிட்சை நிறுத்தினால் மட்டும் போதாது. தவறாக இணைக்கப்பட்ட வீடுகளில் சுவிட்சு நடுநிலைக் கம்பியில் இருக்கும், கட்டக் கம்பி கருவிக்குள் உயிரோடு இருக்கும். தரை ஈரமாக இருந்தாலோ, கருவியைத் தொட்டால் சுர்ரென்று உணர்ந்தாலோ, செருகியைத் தொடாமல் முதன்மைச் சுவிட்சை (மெயின்) அணைக்க வேண்டும். காலில் உலர்ந்த ரப்பர் செருப்பு இருக்கட்டும். ரப்பர் செருப்பு கூடுதல் காப்பு மட்டுமே. அதை நம்பி உயிருள்ள கம்பியைத் தொடக் கூடாது.

பிறகு நான்கு கேள்விகளுக்கு விடை காண வேண்டும். குறுக்குச்சுற்று எங்கே நிகழ்ந்தது, உலர்த்தியிலா, வேறு கருவியிலா, தெருக் கம்பியிலா? அப்போது உலர்த்தி ஓடிக்கொண்டிருந்ததா? எந்த முறிப்பான் துண்டித்தது? வீட்டில் வேறு ஏதாவது கருவி அன்றே பழுதானதா? இந்த விடைகள் பாதித் தேடலை மிச்சப்படுத்தும். சான்றாக, உலர்த்தியோடு தொலைக்காட்சியும் மின்விசிறியும் ஒரே நாளில் போயிருந்தால் குற்றம் உலர்த்தியில் இல்லை. வீட்டுக்குள் மிகை மின்னழுத்தம் வந்திருக்கிறது.

## வீட்டு மின்சுற்று

தேடல் எப்போதும் மின்சாரம் வரும் திசையிலிருந்து கருவியை நோக்கிச் செல்ல வேண்டும். கருவியை முதலில் கழற்றுவது, கிணற்றில் நீர் உண்டா என்று பாராமல் பம்பைப் பிரிப்பதற்கு ஒப்பாகும்.

உலர்த்தியைப் பிடுங்கிய நிலையில் துண்டித்த முறிப்பானை ஒருமுறை மேலே ஏற்ற வேண்டும். சில முறிப்பான்களை முதலில் முழுவதும் கீழே இறக்கி, பிறகே ஏற்ற முடியும். அது நின்றால் வீட்டுக் கம்பிகளில் நிலையான குறுக்குச்சுற்று இல்லை எனக் கொள்ளலாம். உடனே மீண்டும் விழுந்தால் பழுது சுவர்க் கம்பியிலோ வேறு கருவியிலோ உள்ளது. திரும்பத் திரும்ப ஏற்றக் கூடாது. ஒவ்வொரு முறையும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் அதே பழுதான இடத்தில் பாய்கிறது.

பீங்கான் பியூஸ் கட்டை உள்ள வீடுகளில் உருகிக் கம்பி எரிந்து போயிருக்கும். முதன்மைச் சுவிட்சை அணைத்த பிறகே அதை எடுத்து, அதே அளவுக் கம்பியைப் போட வேண்டும். கையில் கிடைத்த செம்புக் கம்பியை முறுக்கிப் போடுவது பல ஊர்களில் காணும் பழக்கம். அப்படிச் செய்தால் அடுத்த குறுக்குச்சுற்றில் பியூசுக்குப் பதிலாகச் சுவருக்குள் உள்ள கம்பி உருகும். மீட்டருக்கு முன்னுள்ள முத்திரையிட்ட பகுதி மின்வாரியத்தின் பொறுப்பு. அதை வீட்டார் திறக்கக் கூடாது.

அடுத்து, அதே செருகுவாயில் நன்றாக இயங்கும் வேறு கருவி ஒன்றைச் செருகிப் பார்க்கலாம். அதுவும் ஓடாவிட்டால் பழுது செருகுவாயிலோ சுவிட்சிலோ இருக்கிறது. டெஸ்டர் எரிவதை மட்டும் வைத்து மின்சாரம் சரியாக உள்ளது என முடிவு செய்ய முடியாது. நடுநிலைக் கம்பி அறுந்திருந்தாலும் கட்டத் துளையில் டெஸ்டர் எரியும். இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரிந்தால் நடுநிலை அறுந்திருக்கிறது என்பதற்கு அது தெளிவான அடையாளம்.

அறுந்த நடுநிலை மிகவும் கொடியது. மும்முனை வழங்கலில் தெருவின் நடுநிலைக் கம்பி அறுந்தால், வெவ்வேறு கட்டங்களில் உள்ள வீடுகள் தொடராக இணைந்து 400 வோல்ட்டைப் பகிர்ந்துகொள்ளும். குறைந்த சுமை உள்ள வீட்டில் மின்னழுத்தம் 230-ஐத் தாண்டி 300-க்கும் மேல் ஏறலாம். இந்தியாவில் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட்டுக்கு 6 விழுக்காடு மேலும் கீழும், அதாவது 216 முதல் 244 வரை இருக்கலாம். விளக்குகள் சில வீடுகளில் மங்கியும் சில வீடுகளில் கூசும்படியும் எரிந்தால் மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தமிழ்நாட்டில் மின்னகம் சேவை மையத்தின் எண் 94987 94987. அறுந்து கிடக்கும் கம்பியின் அருகே, குறிப்பாக ஏரிக்கரைச் சேற்றிலும் தேங்கிய நீரிலும், யாரும் செல்லக் கூடாது.

## செருகியும் மின்வடமும்

வீட்டு மின்சுற்று சரி என்றான பிறகு உலர்த்தியின் செருகியைப் பார்க்க வேண்டும். ஊசிகள் கறுத்திருந்தால், பச்சைக் களிம்பு ஏறியிருந்தால், பிளாஸ்டிக் உருகியிருந்தால் தொடர்பு கெட்டிருக்கிறது. களிம்பேறிய தொடர்பில் 1 ஓம் மின்தடை இருப்பதாகக் கொள்வோம். 2,000 வாட் வெப்ப உலர்த்தி எடுக்கும் 8.7 ஆம்பியர் அதன் வழியே செல்லும்போது அங்கு உண்டாகும் வெப்பம் 8.7 × 8.7 × 1 = ஏறத்தாழ 76 வாட். ஒரு பற்றாசுக்கோலின் வெப்பம் செருகிக்குள் இருப்பது போன்றது இது. கருகிய செருகியை மாற்றும்போது கருகிய செருகுவாயையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுக்கும்.

மின்வடத்தை முழு நீளமும் தடவிப் பார்க்க வேண்டும். எலி கடித்த இடம், கருவியின் காலின் கீழ் நசுங்கிய இடம், உடலுக்குள் நுழையும் வளைவு ஆகிய மூன்றும் வழக்கமாகப் பழுதாகும் இடங்கள். செருகியைப் பிடுங்கிய நிலையில் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, செருகியின் இரு சிறு ஊசிகளுக்கு இடையே அளக்கலாம். பூச்சியத்துக்கு மிக அருகில் காட்டினால் குறுக்குச்சுற்று இன்னும் கருவியில் உள்ளது. சிறு ஊசிகளில் ஒன்றுக்கும் பெரிய எர்த் ஊசிக்கும் இடையே மதிப்பு ஏதேனும் காட்டினால் மின்கசிவு உள்ளது. எர்த் ஊசிக்கும் கருவியின் உலோக உடலுக்கும் இடையே ஏறத்தாழ பூச்சியம் காட்ட வேண்டும்; காட்டாவிட்டால் எர்த் கம்பி அறுந்துள்ளது.

பிரித்தானியா, சிங்கப்பூர், மலேசியா போன்ற நாடுகளில் செருகிக்குள்ளேயே 13 ஆம்பியர் வரையிலான உருகி இருக்கும். குறுக்குச்சுற்றுக்குப் பின் உலர்த்தி ஓடாதபோது அங்கு வாழ்வோர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

## சுழல் உலர்த்தியின் உட்பகுதி

இங்கிருந்து திருகாணியைக் கழற்றும் வேலை தொடங்குகிறது. மின்சாரப் பயிற்சி இல்லாதவர்கள் இதைப் படித்து, பழுது நீக்குபவர் செய்வதைப் புரிந்துகொள்ளலாம். தாமே செய்ய வேண்டியதில்லை.

இரட்டைத் தொட்டி இயந்திரத்தின் உலர்த்திப் பக்கம் ஒரு தொடர்ச்சுற்று. மின்சாரம் நேரக் கட்டுப்பாட்டி (டைமர்), மூடிச் சுவிட்சு, மோட்டார் என்ற வரிசையில் செல்கிறது. மாலையில் எந்தப் பூவின் நார் அறுந்தாலும் மாலை அறுவது போல, இவற்றில் எது திறந்தாலும் உலர்த்தி நிற்கும். துவைக்கும் பக்கம் நன்றாக ஓடி, உலர்த்தும் பக்கம் மட்டும் நின்றிருந்தால் செருகியும் மின்வடமும் குற்றமற்றவை. பழுது இந்த மூன்றுக்குள் உள்ளது.

மூடிச் சுவிட்சு: மூடியைத் திறந்தால் கூடை நிற்க வேண்டும் என்பதற்காக உள்ளது. குறுக்குச்சுற்றின் பெருமின்னோட்டம் இதன் தொடுமுனைகளைக் கருக்கலாம் அல்லது ஒட்ட வைக்கலாம். கருகினால் உலர்த்தி ஓடாது. ஒட்டிக்கொண்டால் மூடியைத் திறந்த பின்னும் மின்சாரம் நிற்காது. சுழலும் கூடைக்குள் கைவிட்ட குழந்தைக்கு ஆபத்து. இதை நேரடியாக இணைத்து ஓட்டும் குறுக்குவழியை ஒருபோதும் ஏற்கக் கூடாது.

மின்தேக்கி (கெப்பாசிட்டர்): மோட்டார் புறப்பட இது தேவை. உம்மென்ற ஓசை மட்டும் கேட்டுக் கூடை சுழலாவிட்டால் மின்தேக்கியை ஐயுறலாம். தடுப்புப் பட்டை (பிரேக்) விடாமல் பிடித்திருந்தாலும் இதே ஓசை வரும். ஆகவே மின்சாரம் இல்லாத நிலையில் கூடையைக் கையால் சுழற்றிப் பார்த்து, அது தடையின்றிச் சுழல்கிறதா என உறுதி செய்ய வேண்டும். உப்பிய அல்லது எண்ணெய் கசிந்த மின்தேக்கி மாற்றப்பட வேண்டும். அதன் மேல் அச்சிட்ட மைக்ரோஃபாரட் அளவும் வோல்ட் அளவும் மாறக் கூடாது. செருகியைப் பிடுங்கிய பின்னும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கும். மின்தடை ஒன்றின் வழியே அதை வெளியேற்றிய பிறகே தொட வேண்டும்.

மோட்டார்: மூன்று கம்பிகள் வெளிவரும். மூன்று இணைகளின் மின்தடையையும் அளந்தால், பெரிய மதிப்பு மற்ற இரண்டின் கூட்டுத்தொகையாக இருக்க வேண்டும். எடுத்துக்காட்டாக 70, 90 ஓம் கிடைத்தால் மூன்றாவது 160. கூட்டுத்தொகை பொருந்தாவிட்டால் சுருளுக்குள் குறுக்குச்சுற்று உள்ளது. எல்லையற்ற மதிப்பு காட்டினால் சுருளோ அதனுள் உள்ள வெப்ப உருகியோ அறுந்துள்ளது. கம்பிக்கும் மோட்டாரின் இரும்பு உடலுக்கும் இடையே 500 வோல்ட் காப்புத்தடைமானியால் (மெக்கர்) அளக்க வேண்டும். குறைந்தது 1 மெகா ஓம் வேண்டும். மல்டிமீட்டர் சில வோல்ட்டில் மட்டுமே சோதிப்பதால் 230 வோல்ட்டில் வெளிப்படும் கசிவை அது காட்டாமல் விடலாம்.

மோட்டார் எரிந்திருந்தால் ஏன் எரிந்தது என்றும் கேட்க வேண்டும். சுழல் கூடையின் கீழே, நேர் நிழலில் மோட்டார் உள்ளது. கூடையின் தண்டைச் சுற்றியுள்ள ரப்பர் அடைப்பு (சீல்) கிழிந்தால் சோப்பு நீர் மோட்டாரின் மேல் சொட்டும். பல உலர்த்திகளில் குறுக்குச்சுற்றின் மூலகாரணம் இந்தச் சிறு ரப்பர் துண்டே. சீலை மாற்றாமல் மோட்டாரை மட்டும் மாற்றினால் புதிய மோட்டாரும் அதே வழியில் போகும். இயந்திரத்தின் அடிப்பக்கம் திறந்திருந்தால் எலி புகாதபடி வலை அடிக்க வேண்டும். காற்று போக இடம் விட வேண்டும்.

உவர்நீர் புகுந்த இயந்திரத்தைக் காய்ந்துவிட்டது என்று உடனே ஓட்டக் கூடாது. நீர் காயும், உப்பு காயாது, அங்கேயே இருக்கும். கழற்றக்கூடிய பகுதிகளை நன்னீரால் கழுவி, பல நாள் நிழலிலும் காற்றிலும் உலர்த்தி, காப்புத்தடை அளந்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.

## வெப்ப உலர்த்தியும் மின்னணுப் பலகையும்

வெப்ப உலர்த்தியில் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை வெப்பச்சுருள், வெப்ப உருகி, பஞ்சு வடிகட்டி ஆகியவை. 2,000 வாட் சுருளின் மின்தடை 230 × 230 ÷ 2,000 = ஏறத்தாழ 26 ஓம். அளந்த மதிப்பு எல்லையற்றதாக இருந்தால் சுருள் அறுந்துள்ளது. தொய்ந்த சுருள் உலோக உறையைத் தொட்டால், வெப்பம் தொடங்கும் நொடியில் எஞ்சுமின்னோட்ட முறிப்பான் விழும். வெப்ப உருகி ஒருமுறை மட்டுமே செயல்படும். போனால் மாற்ற வேண்டும். அது போனதற்குப் பெரும்பாலும் பஞ்சு அடைப்பே காரணம். அடைப்பை நீக்காமல் உருகியை மட்டும் மாற்றுவது தீக்கு வழி.

கனடா, அமெரிக்கா நாடுகளில் வெப்ப உலர்த்திக்கு இரு உயிர்க் கம்பிகள் வழியே 240 வோல்ட் வரும். உருளையைச் சுழற்றும் மோட்டார் 120 வோல்ட்டில் இயங்கும். வெப்பச்சுருளுக்கு 240 வோல்ட் வேண்டும். குறுக்குச்சுற்றுக்குப் பின் ஒரு கம்பியின் இணைப்பு மட்டும் போனால், உருளை சுழலும், துணி சூடாகாது. அங்குள்ளோர் சுருளை மாற்றும் முன் இரட்டை முறிப்பானை முழுவதும் இறக்கி ஏற்றிப் பார்க்க வேண்டும்.

தானியங்கி இயந்திரங்களில் எந்த விளக்கும் எரியாவிட்டால் மின்னணுப் பலகையில் உள்ள கண்ணாடி உருகியையும் அதன் அருகே உள்ள வில்லை வடிவ வேரிஸ்டரையும் பார்க்க வேண்டும். வேரிஸ்டர் மிகை மின்னழுத்தத்தைத் தன்மேல் தாங்கித் தன்னை அழித்துக்கொள்ளும் காப்பு உறுப்பு. அது கறுத்து வெடித்திருந்தால் வீட்டுக்கு மிகை மின்னழுத்தம் வந்தது உறுதி. அந்நிலையில் அவ்விரு உறுப்புகளை மாற்றினாலே பலகை உயிர் பெறும் வாய்ப்பு உண்டு. முழுப் பலகையையும் மாற்றச் சொல்பவரிடம் இதைப் பார்க்கச் சொல்லலாம்.

## அறிகுறியும் காரணமும்

- எதுவும் எரியவில்லை, ஓசையும் இல்லை: முறிப்பான், செருகி, மின்வடம், பலகையின் உருகி.
- துவைக்கிறது, உலர்த்தவில்லை: டைமர், மூடிச் சுவிட்சு, உலர்த்தி மோட்டார்.
- உம் ஓசை, சுழற்சி இல்லை: மின்தேக்கி, இறுகிய பிரேக், தண்டின் தாங்கி.
- சுவிட்சு போட்டவுடன் எம்.சி.பி. விழுகிறது: கருவியில் குறுக்குச்சுற்று.
- ஆர்.சி.சி.பி. மட்டும் விழுகிறது: ஈரம், உப்பு, உறை சிதைவால் மின்கசிவு.
- சிறிது நேரம் ஓடி நிற்கிறது: மோட்டார் சூடேற்றம், தண்டு இறுக்கம், மிகைச் சுமை.
- தொட்டால் சுர்ரென்கிறது: உடனே மெயினை அணைக்க வேண்டும், எர்த் அறுந்திருக்கிறது, கசிவும் உள்ளது.

## மீண்டும் இணைத்தல்

பழுது நீக்கிய கருவியை நேரடியாகச் செருகும் முன், கம்பியாளர்கள் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்துச் சோதிப்பார்கள். கருவியில் குறுக்குச்சுற்று மீதமிருந்தால் பல்பு முழு ஒளியுடன் எரியும். அதற்கு மேல் எதுவும் நேராது, ஏனெனில் பல்பு மின்னோட்டத்தை 0.43 ஆம்பியருக்குள் நிறுத்திவிடும். பழுதில்லாத மோட்டார் என்றால் பல்பு மங்கலாக எரியும். எளிய கருவி; ஆனால் திறந்த முனைகள் உள்ளதால் பழகியவர் கையில் மட்டுமே இருக்க வேண்டும்.

ஆர்.சி.சி.பி. உள்ள வீடுகளில் அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்த வேண்டும். உப்புக் காற்றில் அதன் உட்பொறி இறுகிப்போகாமல் இருக்கவும் இது உதவும். பொத்தானை அழுத்தியும் விழாத முறிப்பான் பயனற்றது. ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று அதை நீக்கிவிட்டு நேரடியாக இணைக்கச் சொல்வோர் உண்டு. விழுவது அதன் குறை இல்லை. வீட்டில் கசிவு இருக்கிறது என்று அது சொல்கிறது. வீட்டு மின்வேலைக்கு மின் உரிமம் வழங்கும் வாரியத்திடம் தகுதிச் சான்று பெற்ற கம்பியாளரையே அழைக்க வேண்டும்.

## உலர்த்தி இல்லாத நாட்களில்

உலர்த்தி பழுதான வீட்டில் துணி மறுபடி கொடிக்குப் போகும். மழைக்கால மின்விபத்துகளில் கணிசமானவை கொடிக்கம்பியில்தான் நேர்கின்றன. இரும்புக் கட்டுக்கம்பியை வீட்டுக்கு மின்சாரம் வரும் குழாயிலோ, மின்கம்பத்தின் தாங்கு கம்பியிலோ, தகரக் கூரையிலோ கட்டிவிடுவார்கள். மின்வயரின் உறை உப்பாலும் வெயிலாலும் வெடித்த இடத்தில் மின்சாரம் குழாயிலும் கொடியிலும் ஏறும். ஈரத்துணியை வீசும் கை அதை முதலில் அறியும். காப்பாற்ற ஓடிவந்து பிடிப்பவரும் சேர்ந்து விழுவது இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்பக் காண்பது.

மீனவ வீடுகளில் நைலான் கயிற்றுக்குக் குறைவில்லை. துணிக்கொடிக்கு அதுவே ஏற்றது. கொடியின் இரு முனைகளும் மரத்திலோ, மின்சாரத்தோடு தொடர்பில்லாத தூணிலோ இருக்க வேண்டும். குறுக்குச்சுற்று நேர்ந்த வீட்டில் ஏற்கெனவே இரும்புக் கொடி இருந்தால், உலர்த்தியைப் பார்ப்பதற்கு முன் அதை மாற்ற வேண்டும். மாற்றும்போது மெயின் அணைந்திருக்க வேண்டும்.

## மின்தாக்குக்கு முதலுதவி

மின்தாக்குற்றவரைக் கையால் தொடக் கூடாது. முதலில் மெயினை அணைக்க வேண்டும். முடியாவிட்டால் உலர்ந்த மரக்கழியாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரைக் கம்பியிலிருந்து விலக்க வேண்டும். தோணி தள்ளும் கழி ஈரமாகவும் உப்பேறியும் இருந்தால் அதைப் பயன்படுத்தக் கூடாது. 108-ஐ அழைக்க வேண்டும். மூச்சும் அசைவும் இல்லாவிட்டால் நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் வைத்து நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, பெரியவர்களுக்கு 5 செ.மீ. ஆழத்துக்கு, உதவி வரும்வரை அழுத்த வேண்டும். எழுந்து நடந்துவிட்டாலும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். இதயத் துடிப்பின் குலைவு சில வேளைகளில் பின்னர்தான் தெரியும்.